பழைய ஈசியுவை மாட்டினால் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

வெள்ளத்தில் நின்ற டீசல் கார். இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியுவில் தண்ணீர் புகுந்துவிட்டது. அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய இன்னொன்றை வாங்கி மாட்டினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. "குளோன் பண்ணினால்தான் ஓடும்", அதாவது நனைந்த பெட்டியில் இருக்கும் தகவலை இதற்குள் நகலெடுக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இது உண்மையா, பணம் பிடுங்கும் வேலையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீருக்குள் நின்ற கார்களை நினைத்தால், கேள்வி அவர் ஒருவருடையதாக இருக்காது. மெக்கானிக் சொல்வது உண்மைதான்.

ஆனால் ஈசியுவே போய்விட்டது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பட்டறைகளில் காரணம் பிடிபடாத பழுதுகளுக்கெல்லாம் ஈசியு மேல் பழி போடும் வழக்கம் ஒன்று உண்டு. மெயின் ரிலேயிலிருந்து ஈசியுவுக்கு வரும் ஒயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினால் போதாது. உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்த ஒயரில் மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால்தான் சப்ளை சரி. எர்த்துக்கும் இதே சோதனை. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் இறங்கியிருந்தால் சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. இவ்வளவுக்கும் பிறகு பெட்டியைத் திறந்து, பச்சை படிந்த பின்களையும் அரித்துப்போன செம்புத் தடங்களையும் கண்டால் மாற்றைத் தேடலாம். தண்ணீர் மட்டும் இப்படி அரிப்பதில்லை. பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் மின்பகுப்பு நடந்து, எப்போதும் 12 வோல்ட் வரும் பின்கள் முதலில் கரையும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

சரி, மாற்று ஈசியு ஏன் ஓடவில்லை? பெட்டி ஒன்று என்றாலும் உள்ளே இருக்கும் தகவல் மூன்று வகை. முதலாவது நிரல். இரண்டாவது, எந்த வேகத்தில் எந்த சுமைக்கு எவ்வளவு டீசல் என்று சொல்லும் அட்டவணைகள். மேப் என்பது இவற்றைத்தான். மூன்றாவது, அந்த ஒரு வண்டிக்கே உரிய அடையாளம்: சேசிஸ் எண், வேறு சாவியால் வண்டி கிளம்பாமல் தடுக்கும் இம்மொபிலைசரின் ரகசியம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றின் திருத்தக் கோடுகள், டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்த புகைக்கரியின் கணக்கு, சில வண்டிகளில் ஓடிய கிலோமீட்டரும். ஒரே மாடலின் இரண்டு வண்டிகளுக்கு முதல் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். மூன்றாவது ஒருபோதும் ஒன்றாக இராது.

சாவித் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சில்லு இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருள் 125 கிலோஹெர்ட்ஸில் அதற்கு சக்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறது. பதில் சரி என்று இம்மொபிலைசர் பகுதி ஈசியுவிடம் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியும் இருவருக்கும் பொதுவான ரகசியத்தால் சரிபார்க்கப்படுகிறது. வேறு வண்டியின் ஈசியுவிடம் இருப்பது வேறு ரகசியம். அதனால் இன்ஜெக்டர்களைத் திறக்காது. சில வண்டிகளில் இன்ஜின் பிடித்து ஓரிரு நொடியில் நின்றுவிடும். குளோனிங் என்பது இந்த மூன்று வகைத் தகவலையும் வண்டியின் சொந்தப் பெட்டியிலிருந்து மாற்றுப் பெட்டிக்கு அப்படியே மாற்றுவது. சாவியையோ மீட்டரையோ தொடவே வேண்டாம். காரணம், வண்டியைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் கனெக்டரில் ஸ்கேனரைச் சொருகி இதையெல்லாம் எடுத்துவிடலாமே என்று தோன்றும். 6, 14 ஆகிய பின்களில், காரின் மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் கேன் என்ற இரட்டை ஒயர் வழியாகப் பேசலாம் என்பது உண்மைதான். ஐஎஸ்ஓ 14229 தரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு: தகவல் படிக்க 22, கதவு திறக்க 27, தரவு அனுப்ப 34, 36, 37. கதவு திறப்பது இப்படி: கருவி 27 01 அனுப்பும், ஈசியு 67 01 என்று தொடங்கி ஒரு தற்செயல் எண்ணைத் தரும், கருவி அதை ரகசியக் கணக்கில் போட்டு விடையை 27 02 உடன் திருப்பித் தரும். விடை தவறினால் 7எஃப் 27 35 வரும். 7எஃப் என்றால் மறுப்பு, கடைசியில் வருவது மறுப்பின் காரண எண், சேவை எண் அல்ல. மீண்டும் மீண்டும் தவறினால் காரண எண் 36. அதன் பிறகு 37, அதாவது "கொஞ்சநேரம் கழித்து வா". இந்த நேரத்தில் சாவியைப் போட்டுப் போட்டு அணைப்பதால் பலனில்லை. சாவியைப் போட்டபடியே காத்திருக்க வேண்டும்.

கதவு திறந்தாலும் எழுதத்தான் அனுமதி. நினைவகத்தை வெளியே எடுக்கும் 35 என்ற சேவையைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விற்பனை ஈசியுக்களில் மூடிவிடுகிறார்கள். அப்படியானால் சில கருவிகள் ஓபிடி எனப்படும் அந்த 16 பின் கனெக்டர் வழியாகவே "ரீட்" செய்வதாகக் காட்டுகின்றனவே? பல நேரங்களில் அவை படிப்பது மென்பொருள் எண்ணை மட்டும்தான். அதற்குரிய மூலக் கோப்பைத் தங்கள் சர்வரிலிருந்து இறக்கி உங்களிடம் கொடுக்கின்றன. மேப் மாற்றுபவருக்கு அது போதும். குளோனிங்குக்கு உதவாது, ஏனென்றால் அந்தக் கோப்பில் உங்கள் வண்டியின் அடையாளம் இல்லை.

எழுதும் வேலையில் ஓர் அதிசயம் இருக்கிறது. இந்தத் துறையிலேயே அழகான பகுதி என்று நான் இதைத்தான் சொல்வேன். நிரல் குடியிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும், மின்கடத்தாப் படலத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள்தான். சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதலாம், ஆனால் அப்படி அழிக்க முடியாது. ஒரு முழு பிளாக்கை ஒட்டுமொத்தமாகத்தான் அழிக்க முடியும். அழிக்கத் தேவையான உயர் மின்னழுத்தத்தைச் சில்லே உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு ஃபிளாஷ் பகுதி அழிந்துகொண்டிருக்கும்போது அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. ஆனால் "அழி" என்று கட்டளையிடும் நிரலே அங்கேதானே இருக்கிறது! உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் கதை.

ஈசியு இதிலிருந்து தப்பும் வழி எளிமையானது. அழிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரு சின்ன நிரல் முதலில் தற்காலிக நினைவகமான ரேமுக்குள் போகிறது. சிலவற்றில் கருவியே அதை அனுப்பும். செயலி அந்த நிரலுக்குத் தாவுகிறது. இனி ஃபிளாஷை அழித்தாலும் கவலையில்லை, செயலி இயங்குவது ரேமிலிருந்து. பிளாக் அழிகிறது, தரவு வருகிறது, எழுதப்படுகிறது. வேலை நீண்டால் இடையிடையே "பொறு" என்று பொருள்படும் 78 வரும், அது பிழையல்ல. எல்லாம் எழுதி, தரவு பிசகவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையும் பொருந்திய பிறகே, கடைசியில், "இந்த நிரல் சரியானது" என்ற அடையாளம் பொறிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அழியாமல் விடப்பட்ட பூட்லோடர் என்ற தொடக்க நிரல் முதலில் அந்த அடையாளத்தைத் தேடும். இல்லாவிட்டால் இன்ஜின் நிரலுக்குள் போகாமல் கேனில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். பாதியில் மின்சாரம் போன ஈசியு பல நேரம் செத்தது போலத் தெரிந்தாலும் மீண்டும் எழுதினால் எழுந்துவிடுவது இதனால்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 500 கிலோபிட் போகும் கேனில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு செய்தித் துண்டுக்கு, சுமார் 125 பிட் என்று வையுங்கள்: நொடிக்கு 4,000 சட்டகங்கள். தொடர் சட்டகம் ஒவ்வொன்றிலும் தரவு 7 பைட். ஆக நொடிக்கு 28,000 பைட். 2 எம்பி போக ஏறத்தாழ 75 நொடி. ஃபிளாஷ் எழுதும் நேரம் சேர்ந்து நடைமுறையில் பல நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க இன்ஜின் ஈசியு வேறு யாருடனும் பேசாது. அதன் குரல் நின்றதும் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் பாதுகாப்புக்காக முழு வேகத்தில் சுற்ற ஆரம்பிக்கும். ஏற்கெனவே சோர்ந்த பேட்டரியை அதுவே கவிழ்த்துவிடும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர் வைத்துக்கொள்ளட்டும். பேட்டரியில் சீரான 13.5 வோல்ட் தரும் சப்போர்ட் யூனிட் இல்லாமல் எழுதத் தொடங்கக் கூடாது. சாதாரண சார்ஜரின் அலைபாயும் மின்னழுத்தம் இதற்கு ஆகாது.

குளோனிங் நடப்பது மேசையில். முதலில் லேபிளைப் படியுங்கள். பாஷ் என்றால் 0281 என்று தொடங்குவது டீசல், 0261 பெட்ரோல். பத்து இலக்கமும் ஒன்றாக இருக்கும் பெட்டியையே வாங்குங்கள். பவர் சப்ளையில் கரண்ட் வரம்பு வைத்து, எர்த், நிரந்தர 12 வோல்ட், இக்னிஷன், கேன் இரண்டு என ஐந்து ஒயர் போதும். பாஷின் இடிசி17 என்ற டீசல் ஈசியு வகையில் இருப்பது இன்ஃபினியனின் டிரைகோர் செயலி. டிசி1797 என்றால் நிரலுக்கு 4 எம்பி, தரவுக்கு 64 கேபி. டிசி1796 என்றால் 2 எம்பி, 128 கேபி. கோப்பின் அளவு இதற்குப் பொருந்தாவிட்டால் கருவியில் தவறான வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள். பூட் மோடில், சில பின்களை ரெசிஸ்டர் வழியாக இழுத்துப் பிடித்து ரீசெட் செய்தால், செயலி ஃபிளாஷைப் பார்க்காமல், தயாரிப்பிலேயே பதிக்கப்பட்ட, மாற்ற முடியாத ரோம் நினைவகத்திலிருந்து எழும். ஃபிளாஷின் வாசிப்புப் பூட்டுக்கு 64 பிட் கடவுச்சொல் வேறு உண்டு. பூட்லோடர் கெட்ட பெட்டிக்கும் பூட் மோடுதான் கடைசி வழி.

சில மாடல்களில் அடையாளம் ஈஈப்ராம் என்ற தனி நினைவகச் சில்லில் இருக்கும். எட்டுக் கால் கொண்ட 95640 சில்லில் 8 கேபி, 95320இல் 4 கேபி. போர்டிலேயே கிளிப் மாட்டிப் படிக்கப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. ஆனால் கிளிப் கொடுக்கும் மின்சாரம் போர்டு முழுக்கப் பரவி செயலியை எழுப்பிவிடும். அதுவும் அதே ஒயர்களில் பேச ஆரம்பிக்கும். கோப்பு முழுக்க எஃப்எஃப் என்ற ஒரே மதிப்பு, அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தரவு வந்தால் காரணம் இதுதான். பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டி, ஒன்றாம் காலின் புள்ளியைக் குறித்துவைத்து, ஹாட் ஏரில் கழற்றிப் படிப்பதே உறுதி. எதையும் இரண்டு முறை படித்து ஒப்பிடுங்கள். டோனர் ஈசியுவில், அதாவது மாற்றாக வாங்கிய பெட்டியில், எழுதுமுன் அதன் சொந்தத் தரவையும் சேமித்துவிடுங்கள். முழு நகல் என்பதால் சரிபார்ப்புத் தொகையைத் திருத்தும் வேலை இல்லை. மேப் மாற்றுபவருக்குத்தான் அந்தத் தலைவலி.

பாஷின் எம்டி1, எம்ஜி1 போன்ற புதிய ஈசியுக்களில் ரகசியங்கள் செயலிக்குள்ளேயே தனிப் பாதுகாப்புப் பகுதியில் பூட்டப்பட்டிருக்கின்றன. திருடனைத் தடுக்கும் அளவுக்கு இது நல்லதே. ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரரும் சேர்ந்தே தடுக்கப்படுகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 2012லேயே பழுது பார்க்கும் உரிமையை வாக்கெடுப்பில் ஏற்றது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் துறை அமைத்த குழுவின் பட்டியலிலும் வாகனங்கள் உண்டு. உரிமைச் சான்றைக் காட்டினால் மாற்றுப் பெட்டியை வண்டிக்குப் பொருத்தும் கோடிங் நியாயமான விலையில் பட்டறைக்கும் கிடைக்கும் நிலை வந்தால், பூட்டை உடைக்கும் வேலையில் பாதி தானாகவே குறையும்.

குளோன் செய்த பெட்டியை மாட்டியதும் ஸ்கேனரில் சேசிஸ் எண்ணையும் நான்கு இன்ஜெக்டர் கோடுகளையும் படித்து, இன்ஜெக்டர் தலையில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஐடிலில் நடுங்கினால் முதல் சந்தேகம் அங்கே. பிறகு சாவியை அணைத்து ஒரு நிமிடமாவது விடுங்கள். கற்ற மதிப்புகளை ஈசியு சாவி அணைந்த பிறகே எழுதும், மெயின் ரிலேயை அதுவரை தானே பிடித்துவைத்திருக்கும். "டிக்" என்று ரிலே விடும் சத்தம் கேட்ட பிறகு பேட்டரியைக் கழற்றலாம்.