பழைய பதக்கத்தைத் தேய்த்து விளக்காதீர்கள்

போலந்து மருத்துவர் யூசெஃப் டீட்லின் உருவம் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது. எலுமிச்சைச் சாறும் பித்தளை விளக்கும் பவுடரும் போட்டு, புதுக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்திருந்தார்கள். கன்னம், தலைமுடிக் கோடுகள், எழுத்துகளின் விளிம்பு எல்லாம் மழுங்கிவிட்டன. "அழுக்கை எடுத்தாச்சு, பாலிஷ் மட்டும் போட்டுத் தாருங்கள்" என்கிறார்கள்.

அது அழுக்கு இல்லை! எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் மனதிலும் ஏறுவதில்லை. வெண்கலப் பதக்கத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் பட்டறையிலேயே ரசாயனம் கொடுத்து வேண்டுமென்றே ஏற்றியது. பள்ளத்தில் கருமையும் மேட்டில் வெளிச்சமும் இருந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். அதன் மேல் காலப்போக்கில் படியும் மெல்லிய படலம் உலோகத்தைக் காக்கவும் செய்கிறது. தேய்த்தால் இரண்டும் போய்விடும். நிறத்தை நான் ஓரளவு திரும்ப ஏற்றலாம். தேய்ந்த மூக்கை வளர்க்க முடியாது. விவரம் தெரிந்த சேகரிப்பாளர் விலையையும் குறைத்துத்தான் கேட்பார்.

அதுவும் டீட்லின் பதக்கத்துக்கா இந்தக் கதி? நிமோனியாவுக்கு ரத்தம் வடிப்பதே வைத்தியம் என்றிருந்த காலத்தில், 1849-இல் வியன்னாவிலிருந்து அதைக் கணக்கோடு எதிர்த்தவர் அவர். ரத்தம் வடிக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்குச் சுமார் 20 பேர் இறந்தார்கள். உணவை மட்டும் கவனித்து விடப்பட்ட நோயாளிகளில் சுமார் 7 பேர். கை வைக்காமல் இருப்பதும் சிகிச்சைதான் என்று காட்டியவர். மூடப்படும் நிலையில் இருந்த போலந்தின் கிரினிட்சா ஊற்றுநீர்த் தலத்தை மீட்டவரும், 1866 முதல் 1874 வரை கிராக்கூவ் நகர மேயராக இருந்தவரும் அவரே.

சரி, என்ன செய்யலாம்? விளிம்பைப் பிடித்து எடுங்கள். வியர்வை உப்பு பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். புளி, வினிகர், பற்பசை எதுவும் வேண்டாம். கழுத்தில் மாட்ட வளையம் பற்றவைக்காதீர்கள். முத்திரைகள் இருப்பது விளிம்பில்தான்: 1880 முதல் பாரிஸ் நாணயச்சாலைப் பதக்கங்களில் கொம்பு வடிவ முத்திரையும் உலோகத்தின் பெயரும் அங்கேதான் இருக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். நாளடைவில் அது பச்சைப் பிசுக்காகப் பதக்கத்தில் ஒட்டும்.

வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் புள்ளி தெரிந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். அது குளோரைடு அரிப்பு, உள்ளே தின்றுகொண்டே போகும். ஈரமில்லாத தனி டப்பாவில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தயவுசெய்து, துடைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.