கேட்கும் திறன் குறையவில்லை, காது மட்டும் இரைகிறது

"பரிசோதித்துவிட்டுக் காதில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். இரவில் படுத்தால் சில்வண்டு கத்துகிறது. மின்விசிறியை ஓடவிட்டால் அடங்குகிறது. எனக்கு மனப்பிரமையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிரமை இல்லை. வழக்கமான செவிச்சோதனை 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று மட்டுமே பார்க்கிறது. அதற்கு மேலே உள்ள பழுது தெரியாது. ஆஸ்பிரினை அதிக அளவில் விழுங்கினாலும் இரையும். பல்லைக் கடிக்கும்போது இரைச்சல் மாறினால் தாடையையும் கழுத்தையும் சந்தேகிக்கலாம். அவற்றின் நரம்புச் செய்திகளும் மூளைத்தண்டில் செவிநரம்பு வந்து சேரும் இடத்தை எட்டுகின்றன.

என்னை அசர வைத்தது வேறொன்று. 2009இல் செவி ஆய்வாளர்கள் குஜாவா, லிபர்மன் இருவரும் சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒலியை நரம்புச் செய்தியாக்கும் மயிரிழைச் செல்களும் தப்பின. ஆனால் அவற்றைச் செவிநரம்போடு சேர்க்கும் இணைப்புகளில், சில பகுதிகளில் பாதி வரை அறுந்திருந்தன! அறுபடுபவை பெரும்பாலும் உரத்த ஒலிக்கான இழைகள். மெல்லொலியைத் தேடும் சோதனை அவற்றைத் தொடுவதே இல்லை.

2011இல் ஷேட்டே, மெக்கால்பைன் ஆய்வில், செவிச்சோதனையில் தேறியும் காது இரைந்த பெண்களிடம் செவிநரம்பிலிருந்து கிளம்பும் மின் அலை சிறுத்திருந்தது. மூளைத்தண்டுக்குள் மேலே போனதும் அதே சமிக்ஞை வழக்கமான அளவில் இருந்தது. இடையில் மூளை ஒலியைக் கூட்டியிருக்கிறது. பழைய சிற்றலை வானொலியில் நிலையம் மங்கினால் குமிழைத் திருகுவோமே, பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து உயரும். நரம்புகள் சும்மா இருக்கும்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கரகரப்புத்தான் சில்வண்டு.

ஷேட்டே 2012இல் நல்ல காதுள்ள 18 பேருக்கு ஒரு காதில் 7 நாள் அடைப்பான் வைத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேருக்கு, வெளியே இல்லாத ஒலி கேட்டது. எடுத்ததும் போய்விட்டது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இதுதான். செலவும் அதிகம் ஆகியிருக்காது.

மனிதரிடம் நடந்த பிந்தைய ஆய்வுகளில் சில இந்த இணைப்பிழப்பை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. உயிரோடு இருப்பவரின் காதுக்குள் இணைப்புகளை எண்ண வழியில்லை என்பதே சிக்கல்.

காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அறுந்த இழை அதில் ஒட்டாது. மின்விசிறி ஓடட்டும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.