ஏழு சுரம், ஆறு கம்பி, நாலு விரல்

போன வாரம் ஒரு பையன் இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜோடு என் கிட்டார் வகுப்புக்கு வந்தான். பைக்கில் விழுந்துவிட்டானோ என்று நினைத்தேன். இல்லை, ஏ மைனர் 11 என்கிற கார்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் பிடி. இணையத்தில் இறக்கிய கார்ட் சார்ட்டைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, எல்லாச் சுரமும் சேர்ந்து கேட்காமல் விடுவதில்லை என்று பத்து நாள் பிடிவாதம், தினம் மூன்று மணி நேரம். இந்த வருடத்தில் நான் பார்க்கும் நாலாவது கை இது.

"விரல் நீளம் பத்தலை சார்" என்கிறான். விரலெல்லாம் போதும் தம்பி. சொல்லிக்கொடுத்தவர்தான் பாதியில் நிறுத்திவிட்டார்.

கணக்கு எளிது. ஏ மைனருக்கு ஏ, சி, இ. மேலே ஏ-விலிருந்து ஏழாவது சுரமான ஜி சேர்ந்தால் மைனர் 7. அப்புறம் பி, டி, எஃப் ஷார்ப் ஒவ்வொன்றாக ஏறினால் 9, 11, 13. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி: கரகரப்பிரியாவை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால், ச க ப நி ரி ம த, அதுதான் மைனர் 13. பலர் 13க்கு எஃப் போடுகிறார்கள். அது நடபைரவியின் தைவதம். இங்கே வேண்டியது சதுஸ்ருதி தைவதம்.

இப்போது எண்ணுங்கள். சுரம் ஏழு. கம்பி ஆறு. அமுக்க விரல் நாலு. எல்லாவற்றையும் வாசிக்க முடியாது என்பது கிட்டாரைத் தொடும் முன்பே தெரிந்துவிடுகிறதே! பெயரில் இருக்கும் சுரமெல்லாம் கையிலும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எதை விடுவது என்பதுதான் பாடமே. முதலில் பஞ்சமத்தை (இங்கே இ) விடுங்கள். மேஜரிலும் மைனரிலும் அது ஒன்றேதான், போனாலும் காது தேடாது. காந்தாரம் (சி) போனால் மைனரா மேஜரா என்று தெரியாது. நிஷாதம் (ஜி) போனால் மைனர் 9 வெறும் ஆட் 9, அதாவது ஏழாவது இல்லாமல் 9 மட்டும் ஒட்டிய மைனர், ஆகிவிடும். இந்த இரண்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பேஸ் வாசிப்பவர் பக்கத்தில் இருந்தால் ரூட்டை, அதாவது அடிச் சுரமான ஏ-வைக்கூட அவர் தலையில் கட்டிவிடலாம். (மேடையில் நான் பெரும்பாலும் மூன்று கம்பிதான் தொடுகிறேன். இதுவரை யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.)

அவனுக்கு அதே ஏ மைனர் 11ஐக் காட்டினேன். ஆறாவது (தடித்தது), நாலாவது, மூன்றாவது கம்பிகளில் 5ஆம் ஃப்ரெட், அதாவது கழுத்தில் உலோகப் பட்டைகளுக்கு இடையிலான ஐந்தாவது கட்டம். இரண்டாவது கம்பியில் 3. மற்ற இரண்டும் ஒலிக்கக் கூடாது. ஏ, ஜி, சி, டி. "இவ்வளவுதானா சார்?" இவ்வளவுதான். இரண்டாவது கம்பியை மட்டும் 7க்கு மாற்றினால் மைனர் 13.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? எதையும் அமுக்காமல் ஆறு கம்பியையும் ஒரு தட்டு தட்டுங்கள். இ, ஏ, டி, ஜி, பி, இ. 9 மட்டும் இல்லை, மற்றபடி அது இ மைனர் 11. எந்த விரல் நீள வேண்டியிருந்தது?

வலித்தால் நிறுத்துங்கள். வலித்தால்தான் கை பழகும் என்று சொல்லும் சீனியர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். விரல் நுனி எரிவது வேறு, மணிக்கட்டு வலி வேறு. விரல் மரத்துப்போனால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள். விரித்துப் பிடிக்க வேண்டியவற்றை 7ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பழகிவிட்டு மெல்லக் கீழே வாருங்கள்: 650 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ., பன்னிரண்டாவது 19தான். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி 3 மி.மீ.க்கும் உயரமாக நின்றால் கடையில் கொடுத்து இறக்குங்கள். தயவுசெய்து அதைக் கைபலத்தால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

பையனுக்கு டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். இடது கைக்குத்தானே! அதுவரை வலது கையால் இ மைனர் 11 தட்டிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன்.