ஆறு அறைகளுக்கு ஒரே வாசல்

1860-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘ஆர்மி’ ரிவால்வருக்கு உலோகத் தோட்டா கிடையாது. சிலிண்டர் எனும் சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். பின்பக்கக் காம்பில், சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் வெடிமூடியைப் பொருத்த வேண்டும். எந்த அறை வெடிக்கத் தயாராக இருக்கிறது என்பதைப் பின்னாலிருந்து மூடிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அறையைப் பின்பக்கம்வரை துளைத்துத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் 1855-இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் வீதம் கொடுத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. 1869-இல் காப்புரிமை முடிந்ததும் கோல்ட் தன் பழைய மாடல்களை மாற்றத் தொடங்கியது. 1871-இல் சார்லஸ் ரிச்சர்ட்ஸ் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில், சிலிண்டரின் பின்பகுதியை வெட்டி நீக்கி, அங்கே ஒரு தகட்டை வைத்தார்கள். தகட்டின் வலப்பக்கம் ஒரு சிறு கதவு. அந்தப் பழைய ரிவால்வர்களின் இன்றைய இத்தாலிய நகல்களுக்கும் இதே மாதிரி மாற்றுச் சிலிண்டர்கள் விற்பனையில் இருக்கின்றன.

சிக்கல் அந்தத் தகட்டில்தான். அது தோட்டாக்களின் பின்புறத்தை மறைத்துவிடுகிறது. கதவைத் திறந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் அறைதான் கண்ணில் படும். அது காலியாக இருப்பதால் மற்ற ஐந்தும் காலி என்றாகிவிடாது.

துப்பாக்கி காலிதானா என்று சோதிக்கும்போது குழல் ஆளில்லாத, பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க வேண்டும்; விரல் விசைப்பக்கமே போகக்கூடாது. சுத்தியலைப் பாதி பின்னுக்கு இழுத்தால், சிலிண்டரைப் பிடித்திருக்கும் பூட்டு இறங்கி, அதைக் கையால் சுழற்ற முடியும். கதவைத் திறந்து, ஒவ்வோர் அறையையும் வாசலுக்கு நேரே கொண்டுவந்து பார்த்து எண்ணுங்கள். ‘கிளிக்’ சத்தத்தை எண்ணுவது போதாது. சில துப்பாக்கிகளில் சத்தம் கேட்ட இடத்தில் அறை வாசலுக்குச் சரியாக நேராவதில்லை. வெளித்தள்ளும் கம்பி இருந்தால், தோட்டாவோ வெற்றுக்கூடோ தெரியும் அறையில் அதை அழுத்தி வெளியேற்றலாம். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் இன்னொரு சுற்று சுற்றுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? முன்பக்கமாக எட்டிப் பார்ப்பது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

பாதி இழுத்த நிலையைப் பாதுகாப்புப் பூட்டாகக் கருதுவோர் இருக்கிறார்கள். தேய்ந்த பழைய துப்பாக்கியில், சுத்தியலை அந்நிலையில் பிடித்திருக்கும் சிறு பல் உடையக்கூடும். சுத்தியலைத் திரும்ப இறக்கும்போதோ விசையை அழுத்தியே ஆக வேண்டும். கட்டைவிரல் நழுவினால் சுத்தியல் தோட்டாவின் மேல் அடித்துவிடும். ஆகவே எல்லா அறைகளையும் பார்த்து முடித்த பிறகே அதை இறக்க வேண்டும்.

கதவே இல்லாத மாற்றுச் சிலிண்டர்களும் உண்டு. அவற்றின் பின்மூடித் தகட்டிலேயே ஒவ்வோர் அறைக்கும், தோட்டாவை அடிக்கும் தனித்தனி ஊசி இருக்கும். சிலிண்டரைக் கழற்றித் தகட்டையும் எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். ரெமிங்டன் 1858 மாதிரியில் இது சுலபம்: குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தி, சிலிண்டர் சுழலும் அச்சை முன்னே இழுத்தால் சிலிண்டர் பக்கவாட்டில் வந்துவிடும். கோல்ட்டில் குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி நகர்த்திக் குழலையே பிரிக்க வேண்டும். கொஞ்சம் வேலைதான், ஆனால் குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.