ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, இறுக்கமா, உளைச்சலா?

போன குறுவை அறுவடை சமயத்தில் பெரியப்பாவுடன் நெல் கொள்முதல் நிலையத்தில் இரண்டு நாள் காத்துக் கிடந்தேன். வழக்கமான வரம்பு 17 விழுக்காடு ஈரப்பதம்; அதற்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். எங்கள் நெல்லோ களத்தில் குவியலாக இருக்கிறது, வானமோ கருத்துக்கொண்டு வருகிறது. பெரியப்பா தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஆகியும் அவர் கைவிரல்கள் மூடியே இருந்தன, கயிற்றை இன்னும் விடாததுபோல. "டென்ஷனா பெரியப்பா?" என்று கேட்டேன். "என்னமோப்பா, மனசு இறுகிப்போய்க் கெடக்கு" என்றார்.

ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் அதேதான். லத்தீன் மொழியில் 'ஸ்ட்ரிங்கெரே' என்றால் இறுக்குதல், இழுத்துக் கட்டுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது நெருக்கடி, துன்பம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. நாம் நாள் முழுக்கச் சொல்லும் டென்ஷனுக்கு வேர் வேறு: 'டெண்டெரே', அதாவது இழுத்து நீட்டுதல்.

பொறியியலாளர்கள் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பியை இழுக்கும்போது அதற்குள்ளே ஓரலகு பரப்பில் எழும் எதிர்விசைக்குப் பெயராக வைத்தார்கள். நம் இயற்பியல் பாடநூல் இதைத் தகைவு என்கிறது. தகைதல் என்றால் தடுத்து நிற்றல். எவ்வளவு பொருத்தமான சொல்! அந்த விசையால் கம்பியின் உருவம் மாறுவது திரிபு, ஆங்கிலத்தில் ஸ்ட்ரெய்ன்.

உடலுக்கும் இந்தச் சொல்லைப் பரப்பியவர் கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வு செய்த மருத்துவ அறிஞர் ஹான்ஸ் செலி. எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், மருந்தைச் செலுத்தினாலும் அவற்றின் உடல் ஒரேபோலத்தான் எதிர்வினை செய்கிறது என்று 1936இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி பருக்கிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. பின்னாளில் இதற்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஸ்ட்ரெய்ன் என்றே சொல்லியிருப்பேன் என்று அவரே பிற்காலத்தில் வருந்தினார்.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட சொல் மன அழுத்தம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அழுத்தம் என்றால் நமக்கு முதலில் இரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. ஊரில் அழுத்தக்காரி என்று ஒருத்தியைச் சொன்னால், எதையும் வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொள்பவள் என்று பொருள். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். டிப்ரஷனுக்கும் இதே சொல்லைப் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் சித்தி ஒருவர் மாதக்கணக்கில் சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேச்சில்லாமல் இருந்தார். "மன அழுத்தம்தானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று நாங்கள் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தோம். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு மருத்துவர் வேண்டும். மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மன உளைச்சல் இன்னொரு சொல். நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண்கள் ராத்திரி படுத்ததும் "இடுப்பு உளையுது" என்பார்கள். வேலை செய்யும்போது தெரியாது. உடம்பைச் சாய்த்த பிறகு உள்ளே குடையும். காலையில் கேட்ட ஒரு சுடுசொல் இரவில் தூங்கவிடாமல் செய்வதற்கு இதைவிடச் சரியான பெயர் கிடையாது. ஈழத்து உளவியல் நூல்களில் நெருக்கீடு என்ற சொல் ஸ்ட்ரெஸுக்கு வழங்குகிறது. நல்ல ஆக்கம், நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கவலை. சங்கப் பாடல்களில் கவலை என்றால் பாதை கிளையாகப் பிரியும் இடம் என்றும் பொருள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா, தள்ளிப்போகுமா, நாற்று விடலாமா, நேரடி விதைப்பா என்று டெல்டாக்காரர் மனம் ஆண்டுதோறும் நிற்பது அந்த முனையில்தான்.

இப்படிச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2007இல் அமெரிக்க உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் கோபமும் அச்சமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயரிட்டபோது மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆகவே எல்லாவற்றையும் டென்ஷன் என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், "இது படபடப்பு", "இது கவலை" என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதே ஒரு கைமருந்து. எது என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும்.

படபடப்பு என்றால் மூச்சு. மூக்கால் ஒருமுறை இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவது. நம் பெருமூச்சுதான் இது. நாளுக்கு 5 நிமிடம் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாகத் தேறியதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்டார்கள். கவலை என்றால் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் சோதித்த முறை இது: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி கவலைப்படலாம், மற்ற நேரத்தில் வந்தால் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்க வேண்டும்.

இறுக்கத்துக்கு வழி சொன்னவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1929இல் புத்தகமாக எழுதினார். தசை இறுகியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடம்புக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்டது. வேண்டுமென்றே இறுக்கு, பிறகு சட்டென்று விட்டுவிடு, விட்டபின் எப்படி இருக்கிறது என்று கவனி. மனத்தைக் குறிக்கும் சொல்லாக எனக்கு மன இறுக்கமே பிடித்திருப்பது இதனால்தான். இறுக்கம் என்று சொல்லும்போதே தளர்த்த முடியும் என்பதும் தெரிகிறது.

அன்று களத்தில் பெரியப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். "கையை இன்னும் இறுக்கிப் பிடிங்க பெரியப்பா. அஞ்சு எண்றேன். இப்ப விடுங்க." சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு இணங்குவதுபோலச் செய்தார். மூன்றாம் முறை விட்டபோது விரல்கள் தாமாக விரிந்தன. உள்ளங்கையில் கயிற்றுத் தடம் செக்கச்செவேலென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "கை எரியுதுன்னு இப்பத்தாம்ப்பா தெரியுது" என்றார்.