மேற்கோள் எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது?

உயிரிமருத்துவ ஆராய்ச்சிப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து பழக்கப்பட்டவன் நான். விண்ணப்பம் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் கண் போவது இரண்டு எண்கள் மேல்தான்: மொத்த மேற்கோள் எத்தனை, ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு. வழிகாட்டியைத் தேடும் மாணவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். அரிய நோய் வந்த குடும்பங்கள்கூட எந்த நிபுணரை நம்புவது என்று, ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள் எண்ணிக்கையையும் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தைத் திறந்து பார்க்கின்றன. உங்கள் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டார் என்பதை மட்டுமே மேற்கோள் எண் சொல்லும். எதற்காகக் குறிப்பிட்டார் என்று சொல்லாது.

ஹெச் இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஏறும், இறங்கவே இறங்காது. ஆகவே மூத்தவர்களுக்குச் சாதகம். அருமையான ஒரே ஒரு கட்டுரை எழுதிய இளைஞருக்கு 1-தான் கிடைக்கும்.

வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைப் பற்றி ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951-ல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். அந்த முறையில் புரதம் அளந்தவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டதால் சேர்ந்த எண்ணிக்கை அது. மிகவும் பயனுள்ள வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதன் எண்ணை வைத்து, நோயின் காரணத்தைக் கண்டறிந்த கட்டுரையோடு ஒப்பிட முடியுமா?

சரி, நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். ஒருவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, அதிக மேற்கோள் பெற்ற முதல் ஐந்து கட்டுரைகளை எடுப்பேன். பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது ரிவியூ கட்டுரை, அதாவது பிறர் ஆய்வுகளின் தொகுப்பு. அடுத்தது நாற்பது பேர் சேர்ந்து எழுதியதாக இருக்கும், இவர் பெயர் நடுவில் எங்கோ. எங்கள் துறையில் பொதுவாக முதல் பெயர் கைப்பட வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் இருப்பவர் என்ன செய்தார் என்பதை, கட்டுரையின் கடைசியில் வரும் பங்களிப்புக் குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் மேற்கோள் எண்ணைச் சொடுக்கி, குறிப்பிட்டவர்களின் கட்டுரைகளில் இரண்டு மூன்றைத் திறப்பேன். முன்னுரையில் "இதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்" என்று எட்டுப் பத்துப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லியிருந்தால், அதற்குப் பெரிய மதிப்பில்லை. "இவர்களின் முறையையே பின்பற்றினோம், எங்களுக்கும் அதே முடிவு கிடைத்தது" என்று இருந்தால் அந்த ஒரு வரி நூறு மேற்கோளுக்குச் சமம் என்பேன். "எங்களால் அதே முடிவை எட்ட முடியவில்லை" என்று எழுதியிருந்தாலும் கணக்கில் ஒன்று கூடத்தான் செய்யும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழு 1998-ல் தி லான்செட்டில் வெளியிட்ட கட்டுரையை அந்த இதழ் 2010-ல் முழுமையாகத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் அதற்கு மேற்கோள்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை அதை மறுப்பவைதான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது செல்வாக்கு மிக்க கட்டுரையாகவே தெரியும். தயவுசெய்து எந்தக் கட்டுரையையும் நம்பும் முன் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடுங்கள். திரும்பப் பெறப்பட்டது என்றால் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். இலவசம், ஒரு நிமிட வேலை.

எண் குறைவாக இருப்பதால் வேலையும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். கோவிட் காலத்தில் வந்த எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகளுக்கு வழி திறந்த காட்டலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் தங்கள் முக்கியக் கட்டுரையை 2005-ல் வெளியிட்டார்கள். அப்போது அதைக் கவனித்தவர்கள் வெகு சிலர். நோபல் பரிசு வந்தது 2023-ல். அதற்கும் முன்பே, 1990-களில், நிதி கிடைக்காமல் காரிகோ பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டிருந்தார். அன்றைய எண்களை வைத்துத் தேர்வு செய்திருந்தால் எந்தக் குழுவும் அவரை எடுத்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது, இப்போது எங்கள் மேசையில் யாருடைய விண்ணப்பத்தை ஒதுக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று.

விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீளமான பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி, உங்கள் கை பட்ட பகுதி எது, அதை வேறு ஆய்வகம் எங்காவது பயன்படுத்தியதா என்று நாலு வரி எழுதுங்கள். குழுவில் இருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.