பீலித் தண்ணீரும் 10 மெகாபிட் கணக்கும்

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: 10 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டியும், வேகத்தை அளந்து பார்த்தால் முள் முதலில் 22 வரை எகிறிவிட்டு 9.7இல் வந்து நிற்கிறதே, இது மூடுபனியின் வேலையா, கம்பனியின் வேலையா? அவர் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை இணைப்பு என்பதால் பனியை விட்டுவிடலாம். இழைக்குள் ஓடும் ஒளிக்கு வெளியே பனி இறங்கியிருப்பது தெரியாது; ஆனாலும் எது பழுதானாலும் பழியைப் பனியின் தலையில் போடுவது மலையகத்தில் நமக்குப் பழகிப்போயிற்று.

இழையின் வேகத்தை யாரும் குறைப்பதில்லை. தரவு பெரும்பாலும் 1500 பைட் கொண்ட பொதிகளாக வருகிறது. 1 கிகாபிட் பாதையில் அப்படியொரு பொதி 12 மைக்ரோ செக்கனில் கடந்துவிடும். அதை இப்போது விடுவதா, வேண்டாமா என்பது மட்டுமே பொதிகளை வழியனுப்பும் கம்பனியின் ரவுட்டரின் கையில் இருக்கிறது.

லயத்துப் பீலியின் கீழ் வைத்த பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பீலி ஒரே சீராக ஊற்றுகிறது, நாம் குடத்தால் மொள்ளுகிறோம், நிரம்பினால் மிச்சம் கானில் வழிந்தோடுகிறது. ரவுட்டரின் பீப்பாயில் விழுவது டோக்கன், அதாவது கடந்துபோக அனுமதிச் சீட்டு. ஒரு பைட் கடக்க ஒரு டோக்கன் வேண்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்; ஆகவே செக்கனுக்கு 10 மெகாபிட் என்றால் மில்லி செக்கனுக்கு 1250 டோக்கன். இரவு முழுதும் உறங்கியவருக்கும் விடியும்போது ஒரு பீப்பாய்க்கு மேல் சேர்ந்திருக்காது.

ஆனால் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களின் பீப்பாய்களில் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் ரவுட்டர் களைத்துவிடும் என்பதால், உண்மையில் அது ஊற்றுவதே இல்லை. கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளையைப் போல, கடைசியாகப் பார்த்தபோது இருந்த மிச்சத்தையும் அப்போதைய நேரத்தையும் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பொதி வரும்போதுதான் இடையில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று பெருக்கிக் கூட்டுகிறது. மிச்சம் 300, கடந்தது 1 மில்லி செக்கன் என்றால் இருப்பு 1550. 1500 பைட் பொதி போய்விடும், 50 மிஞ்சும். அடுத்த பொதி 0.4 மில்லி செக்கனில் வந்தால் இருப்பு 550தான். அதற்கு வழி கிடையாது. இரண்டே எண்களில் ஒரு வீட்டின் வேகத்தைக் கட்டிவைக்கும் இந்த உபாயத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

துல்லியம் கெடுவது பின்னத்தில்தான். மைக்ரோ செக்கனுக்கு 1.25 டோக்கன் சேர வேண்டிய இடத்தில், பொதிகள் ஒரு மைக்ரோ செக்கன் இடைவெளியில் வந்து ஒவ்வொரு முறையும் பின்னத்தை வெட்டிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு வேகம் காணாமல் போகும். அதனால் நல்ல ரவுட்டர்கள் அந்தக் கால் டோக்கனையும் அடுத்த கணக்குக்குக் கொண்டுபோகின்றன.

இப்போது ஆசிரியையின் முள். பீப்பாய் 150,000 பைட் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், முதல் 0.1 செக்கனில் அதிலிருந்த 1.2 மெகாபிட்டும் அந்நேரத்தில் புதிதாக விழுந்த 1 மெகாபிட்டும் சேர்ந்து ஓடிவிடும். மானி அதை 22 என்று காட்டும். பிறகு 10தான். அதிலும் ஒவ்வொரு 1500இலும் குறைந்தது 40 பைட் முகவரி போன்ற தலைப்புகளுக்குப் போய்விடுவதால், அவர் கண்ணில் படுவது 9.73ஐத் தாண்டாது.

டோக்கன் கிடைக்காத பொதியை வீசியெறிந்தால், அனுப்பும் கணினி நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தைச் சடாரெனக் குறைத்துக்கொள்ளும். பீப்பாய் சிறியதாக இருந்தால் இது அடிக்கடி நடந்து, கட்டிய பணத்துக்குரிய வேகம் கைக்கு வராது. வீசாமல் வரிசையில் நிறுத்தினாலோ, முன்னே நிற்கும் 100 பொதிகள் கடக்க 120 மில்லி செக்கன் ஆகும். கொழும்பிலுள்ள மகனோடு இணையத்தில் பேசும்போது இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று மோதுவதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம்.